மாஸ்டர் கொண்டுபோன ஒட்சிசன்

அந்த ஒட்சிசன் சிலிண்டரின் உடல் கறுப்பு. கழுத்து மட்டும் வெள்ளை. லடாக்கில், மலை உச்சிகளுக்குக் கிட்ட ஒரு சின்னக் கிராமம். அங்கே நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வாசலில், காலை வெயிலில், மாஸ்டர் அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி ஜீப்பின் பின்பக்கத்தில் வைத்தார். சத்தம் வராமல், பக்குவமாக வைத்தார். அது உருளாமல் இருக்கத் தன்னுடைய கம்பளிச் சட்டையை மடித்து அண்டை கொடுத்தார். உள்ளே, அறையில், என் கணவர் சுவரோடு சாய்ந்திருந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நான் வாசல் நிலையைப் பிடித்தபடி, "மாஸ்டர், அதை மட்டுமெண்டாலும் விட்டிட்டுப் போங்கோ" என்றேன். "தங்கச்சி, இனித்தான் உயரம் கூட. மேலை ஆருக்கும் தேவைப்பட்டால் நான் என்ன செய்யிறது? இவருக்கு வெறும் தடிமன், சளிதான். நான் மத்தியானத்துக்குள்ளை வந்திடுவன்" என்று சொல்லி ஏறினார். இரண்டு ஜீப்புகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவில் திரும்பின. மத்தியானம் வந்தது. மாஸ்டர் வரவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிட்னியின் மேற்குப் பக்கத்துத் தமிழர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர் அவர். மெரிலேண்ட்ஸில், அவருடைய வீட்டுக் கராஜுக்குள் நீட்டு வாங்குகள் போட்டு, சனிக்கிழமைகளில் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை வகுப்பு நடக்கும். என் மகளும் அந்த வாங்கிலிருந்துதான் மருத்துவப் படிப்புக்குப் போனாள். ஓய்வு எடுத்த பிறகு மாஸ்டர் ஒரு மலையேற்றக் குழுவைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் புளூ மவுண்டன்ஸ். வருடத்துக்கு ஒரு தடவை பெரிய பயணம். பூட்டானின் பாறையில் ஒட்டிக்கிடக்கும் மடாலயங்கள், திபெத், நேபாளத்தில் மதில் சூழ்ந்த பழைய நகரங்கள் என்று வருடத்துக்கு ஓரிடம். தலையில் வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில். அதை ஊதினாரென்றால் ஓய்வுபெற்ற கணக்காளரும் பல் வைத்தியரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல எழுந்து வரிசையில் நடப்பார்கள். "மலையைக் காலாலை ஏறுறேல்லை, மனத்தாலை ஏறுறது" என்பது அவருடைய வாக்கு. அதை உடுப்பில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. நல்லதையும் சொல்லிவிடுகிறேன், நல்லதை மறைத்து எழுதினால் என் பக்கம் பலவீனமாகிப்போகும். யார் வீட்டில் சாவென்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். ஒருவருடைய பெயரையும் மறக்கமாட்டார். அவர் கதை சொன்னால் குழந்தைகள்கூட அசையாமல் இருந்து கேட்கும். என் கோபத்தின் கதையும் அந்தத் திறமையில்தான் தொடங்குகிறது.

என் கணவர் மன்னார்த் தீவில் பிறந்தவர். நானும் அங்கேதான். அங்கே நிலம் தட்டை. கோயில் கோபுரத்தையும் கிழட்டுப் பெருக்க மரங்களையும் விட்டால் அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லை. அதனாலோ என்னவோ இவருக்கு மலையென்றால் பைத்தியம். ரயில் பகுதியில் மின்சார வேலை. எந்த நேரமும் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர், தன்னுடைய சாப்பாட்டு அறைச் சுவரில், செங்குத்தான பாறைமேல் வெள்ளையாய் நிற்கும் ஒரு புத்த மடாலயத்தின் படத்தை ஒட்டி வைத்திருந்தார். கிழமைக்கு ஏழு நாளும் பூசைக்குப் போகச் சொன்னால் போகக்கூடிய கத்தோலிக்கர்தான். ஆனால் அந்தப் படத்தைக் காட்டி, "இவ்வளவு உயரத்திலை இருந்து கும்பிட்டால் கேக்காமல் விடுமோ?" என்பார். மாஸ்டர் லடாக் பயணத்தை அறிவித்த அன்று இவர் வீட்டுக்கு வந்து குசினிக்குள் என்னைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நான் பரமட்டாவில் பஸ் ஓட்டுபவள். லீவு எடுப்பது லேசில்லை. எடுத்தேன்.

முதல் நாட்கள் நன்றாகத்தான் போயின. டெல்லியிலிருந்து பறந்து லே நகரத்தில் இறங்கினோம். மாடிப்படி ஏறினாலே இளைத்தது. அங்கே ஆறுதலாக இருந்து உடம்பைப் பழக்கினோம். பிறகு ஒவ்வொரு மடாலயமாகப் பார்த்தோம். வெண்ணெய் விளக்குகளின் கனத்த மணம், கரி படிந்த சுவர்களில் கண்ணை உருட்டும் தெய்வங்கள், ஆள் உயரத்துக்கும் நீளமான கொம்புகளை ஊதும் துறவிகள். ஒரு பிரார்த்தனை மண்டபத்தில் இவர் பழக்கதோசத்தில் சிலுவை போட்டுவிட்டார். பக்கத்திலிருந்த வயோதிபத் துறவி அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்து, இவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அன்று இவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் கலியாண நாளிலும் கண்டதில்லை.

அதற்கு மேலே போகும்போதுதான் பிழை தொடங்கியது. மிக உயரத்திலிருந்த ஒரு மடாலயத்தில் திருவிழா. முகமூடி நடனத்தின் கடைசி நாளை எப்படியும் பிடித்துவிட வேண்டும் என்று மாஸ்டர் இடையில் இருந்த ஓய்வு நாட்களை வெட்டினார். சாரதிகள் கூடாது என்றார்கள். மாஸ்டர் விசிலை ஊதினார். அந்தக் கிராமத்து விடுதிக்கு வந்து சேர்ந்த இரவே இவருக்கு இருமல். விடியும்போது நடக்க ஏலவில்லை. அங்கிருந்து மேலேறிப் போனால் திருவிழா. கீழே இறங்கினால் மருந்தும் மூச்சும். இரண்டு ஜீப்பில் ஒன்றைக் கீழே அனுப்பியிருந்தால் போதும். மற்றவர்கள் நெருக்கியடித்து ஏறியிருக்கலாம். அல்லது அந்த நடனத்தைப் பாராமல் விட்டிருக்கலாம். மாஸ்டர் எங்கள் இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு ஜீப்பையும் ஒட்சிசனையும் கொண்டு போனார்.

பிறகு நடந்ததை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. இவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து கஞ்சிப் பானை கொதிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. நகங்கள் நீலமாகின. இருமித் துடைத்த லேஞ்சியில் இளஞ்சிவப்பு நுரை. விடுதிக்காரப் பெண் அதைப் பார்த்ததும் தலையிலடித்துக்கொண்டு, கையால் கீழ்நோக்கிக் காட்டினாள்: இறக்கு, இறக்கு. அந்தக் கிராமத்தில் வாகனம் இல்லை. தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. இவரை அவளிடம் விட்டுவிட்டு நான் றோட்டுக்கு ஓடினேன். அந்த உயரத்தில் ஓடுவதென்பது தண்ணிக்குள் ஓடுவதுபோல. வெறும் றோட்டு. காற்று. நான் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் தாண்டியும் நின்றேன். இப்ப வருவார், இப்ப வருவார் என்று ஒவ்வொரு புழுதிக்கும் மாஸ்டரைத்தான் எதிர்பார்த்தேன்.

கடைசியில் வந்தது இந்திய இராணுவ லொறி ஒன்று. எங்கள் ஊரில் இந்திய இராணுவம் வந்து நின்ற, நான் பெட்டையாக இருந்த காலத்தில் அந்தச் சீருடையைக் கண்டால் பின்வளவால் ஓடி ஒளிந்தவள் நான். அன்று நடுறோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "ஐயோ நிப்பாட்டுங்கோ, மனுசன் சாகப் போறார்" என்று தமிழில் கத்தினேன். வேறு எந்த மொழியும் வாயில் வரவில்லை. லொறி நின்றது. மீசை நரைத்த ஒருவர் குதித்து இறங்கினார்.

"அக்கா, தமிழா? எந்த ஊருக்கா நீங்க?"

"மன்னார்."

"சிலோனா?" ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "பயப்படாதீங்கக்கா. நான் திருநெல்வேலிப் பக்கம். ஆளு எங்க இருக்காரு, காட்டுங்க."

அவரும் இன்னொரு சிப்பாயும் இவரைக் கம்பளியோடு தூக்கி லொறியில் ஏற்றினார்கள். கீழே அவர்களுடைய வைத்திய நிலையத்தில் ஒட்சிசன் வைத்தார்கள். பொழுதுபட இவருடைய உதடுகளில் நிறம் திரும்பியது. அந்தத் திருநெல்வேலிக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "பொழச்சுட்டாருக்கா, நீங்க கொஞ்சம் சாப்பிடுங்க" என்றார். நான் அவருடைய பெயரைக் கேட்க மறந்துபோனேன். அவருக்காக இன்றைக்கும் மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

பிறகு இவரை லே நகரத்து ஆசுபத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே மாஸ்டர் அப்பிள் பழங்களோடு வந்தார். "பாத்தீங்களே, ஒண்டுமில்லை எண்டு நான் சொன்னனான்" என்றார். ஏன் மத்தியானம் வரவில்லை என்று கேட்டேன். றோட்டில் கல் சரிந்து கிடந்ததாகச் சொன்னார். நான் நம்பினேன்.

சிட்னிக்கு வந்து ஒரு மாதத்தில் பயணத்தின் படங்களைக் காட்டும் கூட்டம் நடந்தது. அங்கேதான் அந்தக் கதையை முதலில் கேட்டேன். மடாலயத்தில் மற்றவர்களை இறக்கிவிட்டு, தான் தனியே ஜீப்பில் திரும்பி வந்ததாகவும், என் கணவரை முதுகில் சுமந்துகொண்டு மலைச்சரிவால் இறங்கி இராணுவ லொறியில் சேர்த்ததாகவும் மாஸ்டர் சொன்னார். மற்றப் பயணிகள் தலையாட்டினார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மை. நடனம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனதும், இரவு வெகுநேரம் கழித்துக் களைத்துப்போய்த் திரும்பி வந்ததும் அவர்கள் கண்டது. சனம் எழும்பி நின்று கைதட்டியது. சிலர் வந்து இவருடைய கையைப் பிடித்து, "நீங்கள் குடுத்து வைச்சவர்" என்றார்கள். இவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

காருக்குள் ஏறியதும் நான் வெடித்தேன். இவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "விடும் அப்பா. எங்கடை பிள்ளைக்குப் படிப்பிச்ச மனுசன். கதைதானே, சொல்லிப்போட்டுப் போகட்டும்" என்றார். நான் விடவில்லை. அடுத்த கிழமையே மாஸ்டர் வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். "தங்கச்சி, அந்த உயரத்திலை மூளைக்கு மூச்சுக் காணாது. உங்களுக்கும் தலை சுத்தின நேரம். நடந்தது உங்களுக்கு வடிவா ஞாபகம் இராது. அது உங்கடை பிழையில்லை" என்று, பிழையாகக் கணக்குச் செய்த பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. அதற்காகவே அவரை நான் மன்னிக்கப் போவதில்லை. இவருடைய மூச்சைக் கொண்டு போனவர், என்னுடைய கண்ணையும் கொண்டு போகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கதை வளர்ந்தது. ஒரு மேடையில் முதுகில் சுமந்தார். இன்னொரு மேடையில் பனி கொட்டியது. பிறகொரு நாள் இவர் "என்னை விட்டிட்டுப் போங்கோ மாஸ்டர்" என்று கெஞ்சியதாகவும் வந்தது. இவர் இரண்டு வருடம் அந்தக் கதைக்குள் முதுகில் கிடந்தார். ஒரு காலை, வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளைக்குள் இரத்தம் கசிந்ததாம். மலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மகள் சொன்னாள். அவள் வைத்தியர், நான் வாதாடவில்லை.

அடக்கத்தன்று எங்கள் தேவாலயம் சனத்தால் நிறைந்திருந்தது. என்னைக் கேட்காமலே யாரோ மாஸ்டரைப் பேச அழைத்தார்கள். இவருடைய பெட்டிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "இந்த முதுகிலைதான் இவரைச் சுமந்தனான். கடவுள் எனக்காக இவருக்கு இரண்டு வருசம் கூடக் குடுத்தவர்." சனம் விம்மியது. என் மகள் எழுந்து போய், எல்லோருக்கும் முன்னால், அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் முன்வாங்கில் இருந்தேன். கண்ணீர் சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு அன்று முழுக்க நான் அழவில்லை. என் கணவருடைய சாவைக்கூட எனக்கு விட்டுவைக்காத மனிதரை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாதர் மன்னிக்கச் சொன்னார். தலையாட்டினேன். ஆனால் அந்த நாளிலிருந்து பூசையில் ஜெபம் சொல்லும்போது, பிறர் செய்த தீமையைப் பொறுப்பது பற்றிய வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன். சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவதைவிட அது மேல்.

என் சொல் மட்டும் எடுபடாது என்று தெரியும். தலை சுற்றியவள் என்று ஏற்கெனவே பட்டம் கட்டியாகிவிட்டது. அதனால் அவருடைய சொந்த வீட்டிலிருந்தே ஒரு சாட்சியை எடுப்பது என்று முடிவு செய்தேன். மாஸ்டரின் மனைவியை எல்லோரும் அன்ரி என்போம். எத்தனை பயணம் போயிருப்பார் மாஸ்டர். ஒன்றுக்குக்கூட அன்ரியைக் கூட்டிப் போனதில்லை. "உமக்கு முழங்கால் சரியில்லை" என்பார். படம் காட்டும் கூட்டங்களுக்கு ரோல்ஸும் வடையும் சுட்டு அடுக்கி அனுப்புவது அன்ரியின் பங்கு. அவர்களுடைய இருப்பறைச் சுவர் முழுக்க லடாக்கில் எடுத்த ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது: இடிந்துபோன மண் நகரம் ஒன்று, உடைந்த கோபுரம், வளைந்த வாசல், அதன்மேல் பொன்போல விழும் வெயில். மாஸ்டருக்குப் பெருமையான படம். கிழமைக்கு ஒருதரம் அதைத் துடைப்பவர் அன்ரி.

நான் பெண்களுக்கு மட்டும் ஒரு பயணம் ஒழுங்கு செய்தேன். சின்னக் குழு. அன்ரியிடம் போய், "வாறீங்களோ?" என்றேன். மாஸ்டர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "முழங்காலைக் கொண்டுபோய் எங்கை வைக்கப் போறீர்?" என்றார். அன்ரி என்னைப் பார்த்து, "முழங்கால் என்ரை. நான் வாறன் பிள்ளை" என்றார். அடுத்த ஆறு மாதமும் பரமட்டா ஆற்றங்கரையிலும், பிறகு மலைப்படிகளிலும் இருவரும் நடந்தோம். என் எண்ணத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை. விடுதிக்காரியின் வாயாலேயே கேட்கட்டும் என்று விட்டேன். அன்று மாஸ்டர் வந்த ஜீப்பை ஓட்டிய அதே சாரதியையும் லே நகரத்தில் விசாரித்துத் தேடிப் பிடித்தேன். அவரிடமும் முன்கூட்டி ஒன்றும் கேட்கவில்லை.

இந்தமுறை ஒரு ஓய்வு நாளையும் நான் வெட்டவில்லை. அன்ரி மெதுவாக, ஆனால் எங்கும் நிற்காமல் ஏறினார். மடாலயங்களில் ஒவ்வொரு விளக்கையும் நின்று பார்த்தார். அந்தக் கிராமத்துக்கு வந்தபோது விடுதிக்காரி என்னை அடையாளம் கண்டு கட்டிக்கொண்டாள். "உன் மனிதர்?" என்று கேட்டாள். நான் வானத்தைக் காட்டினேன். அவள் அழுதாள். பிறகு தனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் அன்ரிக்குச் சொன்னாள்: பட்டாளத்து ஆட்கள்தான் தூக்கினார்கள், தொப்பி போட்ட ஐயா பொழுதுபட்ட பிறகுதான் வந்தார், விசாரித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அன்ரி அவளுடைய கையைப் பிடித்தபடி கேட்டார். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அடுத்த நாள் மேலே மடாலயத்துக்குப் போகும் வழியில் சாரதி, பழைய தலைநகரம் ஒன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டுக் கிளை றோட்டில் திருப்பினார். அரசர்கள் இருந்து ஆண்ட இடமாம். இப்போது மண் சுவர்களும் காற்றும்தான். நாங்கள் இறங்கினோம். அன்ரி நாலடி நடந்து அப்படியே நின்றார். எதிரே உடைந்த கோபுரம். வளைந்த வாசல்.

"பிள்ளை, இது எங்கடை வீட்டுச் சுவரிலை கிடக்கிற படம்" என்றார்.

நான் அதை ஆங்கிலத்தில் சாரதியிடம் சொல்ல, அவர், ஐயா இங்கே நின்றுதான் படம் எடுத்தார் என்றார். எப்போது என்று அன்ரி கேட்டார். திருவிழா அன்று, என்றார் சாரதி. நோயாளியைப் பார்க்கத் திரும்பிப் போகும் வழியில் ஐயா இங்கே நிறுத்தச் சொன்னார். மேகம் மூடியிருந்தது. வெயில் வரட்டும் என்று நின்றார். "நோயாளி இருக்கிறார், சேர்" என்று சாரதி திரும்பத் திரும்பச் சொன்னாராம். ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்றார். நிழல் நீண்டு வந்து வாசலைத் தொடும்வரை நின்றார். சிலிண்டர் பின்னால் கிடந்தது.

எனக்கு அதுவரை தெரியாது. கல் சரிந்தது என்பதை நம்பியிருந்தேன். பயந்துபோய் வராமல் இருந்திருப்பார் என்றும் சில நேரம் நினைத்திருக்கிறேன். நான் றோட்டில் நின்று வளைவைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அந்த மனிதர் இங்கே நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு கல்லில் இருந்துவிட்டேன். அன்ரி பக்கத்தில் வந்து இருந்தார். "என்ரை மூத்தவன் பிறந்த அண்டைக்கு ஆசுபத்திரியிலை இருந்து ஆளனுப்பினனான். ஐஞ்சு நிமிஷம் எண்டு சொல்லி அனுப்பினவர். வகுப்பு முழுக்க முடிச்சுப்போட்டு, பிள்ளை குளிப்பாட்டின பிறகுதான் வந்தவர்" என்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நீர் என்னை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீர் எண்டு எனக்கு நேற்றே விளங்கிட்டுது. பரவாயில்லை. இனி நான் பாக்கிறன்."

வருட முடிவுக் கூட்டம் மெரிலேண்ட்ஸ் மண்டபத்தில் நடந்தது. மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படங்கள் ஓடின. வழக்கம்போலக் கடைசியாக அந்த மண் நகரம் திரையில் விரிந்தது. மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, "எங்கடை நண்பரைச் சுமந்த அடுத்த நாள் எடுத்த படம் இது. முதல் நாள்தான் அவரை நான் முதுகிலை..." என்று தொடங்கினார்.

சமையல் பக்கமாக நின்ற அன்ரி, கையைத் துடைத்துக்கொண்டு நடுவால் நடந்து வந்தார்.

"அடுத்த நாள் இல்லை. அண்டைக்குத்தான் எடுத்தனீங்கள்."

மாஸ்டர் சிரித்தார். "உமக்கு உயரத்திலை தலை சுத்தியிருக்கும். போய் இரும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் காது சூடாகியது. ஆனால் நான் எழும்பவில்லை. அன்ரியின் குரல் உயரவும் இல்லை. "அங்கை ஒரு மனுசன் மூச்சு விட ஏலாமல் கிடந்தவர். ஒட்சிசனை ஜீப்புக்குள்ளை வைச்சுக்கொண்டு நீங்கள் வெயிலுக்காகப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். சாரதி எத்தினை தரம் கூப்பிட்டவர்?"

"ஐஞ்சு நிமிஷம்தான் நிண்டனான்!" என்றார் மாஸ்டர்.

ஒலிவாங்கி கையில் இருந்தது. மண்டபத்தின் நாலு மூலையிலும் அது கேட்டது. சொன்னதன் அர்த்தம் அவருக்கே ஒரு கணம் பிந்தித்தான் எட்டியது. எங்களோடு அந்தப் பயணத்துக்கு வந்திருந்த பல் வைத்தியர் எழுந்து, கெஞ்சுவதுபோலக் கேட்டார்: "மாஸ்டர், அப்ப நீங்கள் அவரைத் தூக்கேல்லையோ?"

மாஸ்டர் பொன்னாடையின் நுனியைப் பிடித்து மடிக்கத் தொடங்கினார். யாரும் கத்தவில்லை. கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் மட்டும், ஒவ்வொன்றாக. எத்தனையோ மாதம் நான் அந்தக் கணத்தில் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. என் தட்டில் அன்ரி சுட்ட ரோல்ஸ் ஒன்று இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் தின்று முடித்தேன். நல்ல உறைப்பு.

அன்று மகளும் மெல்பேர்ணிலிருந்து வந்திருந்தாள். மண்டபத்தில் என் பக்கத்தில் நின்று, "அம்மா, இனாஃப். அப்பா இருந்திருந்தால் விடச் சொல்லியிருப்பார்" என்றாள். "அப்பா இருந்தவரைக்கும் நான் சனத்துக்கு முன்னாலை வாய் திறக்கேல்லை. அப்பா இப்ப இல்லை" என்றேன். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் வருடா வருடம் மாஸ்டருக்கு அனுப்பும் நத்தார் வாழ்த்தை அவள் நிறுத்திவிட்டாள் என்று மருமகன் சொன்னார்.

மலையேற்றக் குழு அந்தக் கோடையோடு கலைந்தது. சிலர் என்னோடு நடக்க வந்தார்கள். அன்ரி மெல்பேர்ணில் மூத்த மகனோடு போய் இருக்கிறார். போகும்போது சுவரிலிருந்த படத்தைக் கழற்றவில்லையாம். "அதைப் பாத்துக்கொண்டு இருக்கட்டும்" என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார். பழி வாங்கிய பிறகு மனம் வெறுமையாகும், கசக்கும் என்று பலர் என்னை எச்சரித்திருக்கிறார்கள். பொய். நான் நன்றாக நித்திரை கொள்கிறேன். இவருடைய நினைவு வரும்போது, இப்போது யாருடைய முதுகிலும் இல்லாமல், வயோதிபத் துறவிக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து சிரிக்கிற இவரே வருகிறார். அந்த முகத்தை எனக்குத் திருப்பித் தந்தது மன்னிப்பு இல்லை.

மாஸ்டருக்கு இப்போது கண் பார்வை குறைவு; கார் ஓட்டுவதில்லை. போன குளிர்காலத்தில் ஒரு பின்னேரம், பரமட்டா நிலையத்தில், என் பஸ்ஸில் ஏறினார். கார்டைத் தட்டிவிட்டு நிமிர்ந்தவர் என்னைக் கண்டு நின்றுவிட்டார். தொப்பி இல்லை. தலை முழுக்க வெள்ளை.

"இன்னும் கோபமோ தங்கச்சி?"

"ஓம், மாஸ்டர்."

பின்னால் சனம் காத்துக்கொண்டு நின்றது. அவர் முன் இருக்கையைத் தடவிப் பிடித்து இருந்தார். வயதானவர்கள் இருக்கையில் இருந்துகொள்ளும்வரை வண்டியை எடுக்கக்கூடாது. அவர் இருந்த பிறகுதான் எடுத்தேன். இப்போது கிழமையில் இரண்டு மூன்று தரம் வருகிறார். வேறு பஸ்ஸுக்கு நிற்கலாம், ஏனோ நிற்பதில்லை. அவருடைய தரிப்பிடத்தில் வண்டியின் தளத்தை அவருக்காகப் பதித்துக் கொடுக்கிறேன். கால் நிலத்தில் படும்வரை பொறுக்கிறேன். இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற எவரும் சாரதிக்கு நன்றி சொல்லித்தான் இறங்குவார்கள். அவரும் சொல்கிறார், தமிழில், தெளிவாக. மற்ற எல்லோருக்கும் நான் பதில் சொல்வேன். அவருக்குச் சொல்வதில்லை. அவர் ஒரு கணம் நின்று பார்ப்பார். நான் கதவை மூடுவேன்.